பால் தாங்குமா உங்கள் டிகாக்ஷன்?

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் காபி விமர்சனம் ரெண்டு சொல்லில் முடிந்துவிடும். "கள்ளிச்சொட்டா இருக்கு" என்றால் கெட்டியான, நல்ல காபி. "தண்ணியா இருக்கு" என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பழவாசனை, பூவாசனை, எலுமிச்சைப் புளிப்பு என்று இப்போது காபிப் பாக்கெட்டுகளில் அச்சடித்து வருகிறதே, அந்தப் பேச்சு இங்கே எடுபடுவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. நாம் குடிப்பது பால் காபி. ஒரு பங்கு டிகாக்ஷன் மேல் மூன்று பங்கு பால் விழுகிறது. அத்தனை பாலையும் தாங்குகிற கெட்டி இருந்தால்தான் மற்ற நயமெல்லாம் நாக்குக்கு எட்டும்.

அதனால் ஃபில்டர், மோகா பாட் (அடுப்பில் வைத்து ஆவியில் இறக்குவது), ஃபிரெஞ்சு பிரஸ் (கண்ணாடிக் குவளையில் பொடியை ஊறவைத்துக் கம்பிவலையால் அழுத்துவது), எஸ்பிரெஸ்ஸோ மெஷின் என்று எதை வாங்க நினைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் இறங்குவது பால் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். நம் ஃபில்டரில் 30 கிராம் பொடிக்கு 200 மில்லி வெந்நீர் விடுகிறோம். லிட்டருக்கு 150 கிராம் ஆகிறது. காகித வடிகட்டியில் போடும் கறுப்புக் காபிக்கும் ஃபிரெஞ்சு பிரஸ்ஸுக்கும் லிட்டருக்கு 60 கிராம் சுற்றித்தான் வழக்கம். மோகா பாட்டில் 110 கிராம் போல வரும். எஸ்பிரெஸ்ஸோவில் 18 கிராம் பொடியிலிருந்து மொத்தமே 36 கிராம்தான் இறக்குகிறார்கள். எல்லாவற்றிலும் கெட்டி அதுதான். ஃபிரெஞ்சு பிரஸ் காபி 35 மில்லி எடுத்து 100 மில்லி பால் விட்டால் காபி வாசனை காட்டிய பால்தான் கையில் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட 100 மில்லி காபி ஊற்றினால் பால் நீர்த்துப்போய்விடும். ஆசையாக வாங்கிய கண்ணாடிக் குவளைகள் பரண் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாமான் மேல் குற்றமில்லை, பாலோடு சேர்த்துக் குடிப்பார்கள் என்று நினைத்து அதைச் செய்யவில்லை.

ஃபில்டர் போடுவது

உறுப்பு நாலே நாலு: அடியில் துளை போட்ட மேல் பாத்திரம், டிகாக்ஷன் இறங்கும் கீழ் பாத்திரம், நடுவில் காம்பு வைத்த குடை, மூடி. இதில் குடையைத்தான் பலர் தொலைத்துவிட்டு, "அது இல்லாமலே இறங்குதே" என்பார்கள். இறங்கும்தான். ஆனால் வெந்நீர் நேராகப் பொடி மேல் விழுந்து குழி பறிக்கும். தண்ணீர் அந்தக் குழி வழியே மட்டும் ஓடிவிடும். சுற்றியிருக்கும் பொடி பாதி நனைந்து பாதி சாரம் உள்ளேயே நிற்கும். வயலில் மடை உடைந்தால் தண்ணீர் ஒரே பக்கம் ஓடுவது போலத்தான். குடை பொடியை அழுத்தி வைக்க மட்டுமல்ல, தண்ணீரை எல்லாப் பக்கமும் பரப்பி விடவும்தான்.

நாலு டபரா காபிக்கு அளவு: 30 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடவே தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைத்தான் விடும். கையில் 130 மில்லி டிகாக்ஷன் கிடைக்கும். தலைக்கு 30 மில்லிக்கு மேல் வரும். அதோடு 100 மில்லி பால்.

முதலில் ஃபில்டரின் ரெண்டு பாத்திரத்தையும் வெந்நீரில் ஒரு தடவை அலசித் துடைத்துவிடுங்கள். மார்கழியில் சில்லென்று இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஊற்றிய வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். சூடு குறைந்தால் சாரம் குறையும். துடைக்காமல் ஈரத்தோடு பொடியைப் போட்டால் அடியில் சேறு போல் ஒட்டித் துளையை அடைக்கும். பொடியைப் போட்டதும் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, குடையை வைத்து லேசாக அழுத்த வேண்டும். எவ்வளவு லேசாக? குடையின் எடையோடு ஒரு விரலின் பாரம் போதும். உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் அன்றைக்குக் காபி பத்து மணிக்குத்தான்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் ஒரு 50 மில்லி மட்டும், குடையின் மேல் சுற்றி ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் காத்திருக்கவும். புதுசாக வறுத்த பொடியாக இருந்தால் ஓரத்தில் குமிழ் விட்டுப் பொங்குவது தெரியும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியே வருகிறது. அதை விடாமல் மொத்தத் தண்ணீரையும் கொட்டினால் வாயு பொடிக்குள் இடம் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். பொங்கி அடங்கிய பிறகு மீதி 150 மில்லியை மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். பதினைந்து முதல் இருபது நிமிஷத்தில் இறங்கி முடிய வேண்டும்.

ஐந்து நிமிஷத்தில் கடகடவென்று இறங்கினால் டிகாக்ஷன் வெளுத்திருக்கும். பொடி கொரகொரப்பாக இருக்கலாம், குடை சரியாக உட்காராமல் இருக்கலாம். இன்னொரு காரணம் யாரும் கவனிக்காதது: ஃபில்டர் பெரிசு, பொடி கொஞ்சம். பத்துப் பேர் ஃபில்டரில் ரெண்டு பேருக்குப் பொடி போட்டால் அது அரை விரல் கனத்தில் பரவிக் கிடக்கும். தண்ணீர் அதைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். பொடி நனைவதற்கு முன் ரெண்டு விரல் கனமாவது நிற்க வேண்டும். வீட்டில் ரெண்டு பேர்தான் என்றால் சின்ன ஃபில்டர் தனியாக வாங்குவதுதான் வழி.

இறங்கவே மாட்டேன் என்றால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். முதலில் மேல் பாத்திரத்தை ஒரு நூல் தூக்கிப் பாருங்கள். உடனே சொட்ட ஆரம்பித்தால் காற்று அடைப்பு: ரெண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தி, கீழே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை. புது ஃபில்டரில் இது சகஜம். கொஞ்சம் சாய்த்து உட்கார வைத்தால் போதும். அதற்கும் இறங்காவிட்டால் பொடி ரொம்ப நைஸ், அல்லது சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீரைக் குடித்து உப்பிப் பிசுபிசுக்கும். குடையை மெல்லத் தூக்கி மேல்பொடியை ஸ்பூன் காம்பால் கிளறிவிட்டால் அன்றைய காபி பிழைக்கும், கொஞ்சம் கசடோடு. மூன்றாவது, துளை அடைப்பு. கழுவிய பிறகு மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள்; துளையெல்லாம் புள்ளி புள்ளியாக மின்ன வேண்டும். பாதி இருட்டாக இருந்தால் அடைப்பு.

எவர்சில்வர் ஃபில்டராக இருந்தால் அடியை கேஸ் அடுப்பு ஜுவாலையில் ஒரு நிமிஷம் காட்டி, அடைத்த பொடி கருகியதும் தட்டி உதிர்ப்பது நம்மூர் வைத்தியம். நன்றாகவே வேலை செய்யும். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை மட்டும் அப்படிக் காட்டக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்பு ஜுவாலை அதற்குப் பல மடங்கு மேலே. பூச்சு திரண்டு ஓடித் துளையையே அடைத்துக்கொள்ளும். பித்தளைக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் வெளிப்பக்கமிருந்து தேய்ப்பதுதான் சரி. வாரம் ஒரு முறை இந்தச் சோடாக் குளியல் எவர்சில்வருக்கும் நல்லது. காபியின் எண்ணெய் ஓரங்களில் படிந்து சிக்கு வாசனை அடிக்கும். அது வெறும் தண்ணீருக்குப் போகாது. உலர்ந்து இறுகுவதற்கு முன் பொடியைத் தட்டிவிட வேண்டும், அதுவும் தொட்டிக் குழாயில் இல்லை. சிக்கரிப் பொடி குழாயில் போய் உட்கார்ந்தால் பிளம்பர்தான் வர வேண்டும்.

ரெண்டாம் டிகாக்ஷன் பற்றி ஒரு வார்த்தை. அதே பொடியில் மறுபடி 80, 100 மில்லி வெந்நீர் விட்டு இறக்குவது. சாரத்தில் நல்ல பகுதி முதல் இறக்கத்தோடு போய்விடுகிறது. ரெண்டாவதில் கசப்பும் நிறமும்தான் மிஞ்சும். தனியாகப் பால் தாங்காது. முதல் டிகாக்ஷனோடு சரிபாதி கலந்து மத்தியானக் காபிக்கு ஒப்பேற்றலாம். வந்தவர்களுக்கு ரெண்டாம் டிகாக்ஷனில் காபி கொடுத்தால் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள்.

பித்தளையா, எவர்சில்வரா?

பித்தளை ஃபில்டரில் ருசியே தனி என்பார்கள். உலோகத்தால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்பது என் கட்சி. பழைய பித்தளை ஃபில்டர்கள் கனமானவை. வெந்நீரில் அலசிச் சூடேற்றி வைத்தால் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகடு போன்ற மலிவு எவர்சில்வர் ஃபில்டர் சீக்கிரம் ஆறிவிடும், துளைகளும் பெரிசு சின்னதாக இருக்கும். நல்ல கனமான எவர்சில்வர் ஃபில்டரை ஒரு துணி சுற்றி வைத்துப் பாருங்கள், சண்டை பாதி தீர்ந்துவிடும்.

பித்தளையில் பார்க்க வேண்டியது உட்பூச்சு. உள்ளே வெள்ளையாக, மங்கிய வெள்ளி நிறத்தில் ஈயப் பூச்சு இருக்க வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். காபி லேசான அமிலம். பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கிற பாத்திரத்தில் டிகாக்ஷன் தங்கினால் உலோகக் களிம்பு இறங்கும், நாக்கில் நாணயம் வைத்தாற்போல ஒரு ருசி வரும். பூச வேண்டியது வெள்ளீயம், காரீயம் விஷம். ஈயம் பூசுகிறவர்கள் வீதியில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலம் போய்விட்டது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் கேட்டால் ஆள் சொல்லுவார்கள். நெடுஞ்சாலைக் கடைகளில் பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த, உள்ளேயும் வெளியேயும் மஞ்சளாக இருக்கும் பித்தளை டபராக்களில் காபி தருவது வெறும் அலங்காரம்தான். அதில் தூக்கிக் குடிக்கும்போது விரல் சுடுவதும் சும்மா இல்லை, பித்தளை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

பொடி

டெல்டாவில் காபிச் செடி கிடையாது. காவிரி பிறக்கும் குடகுதான் இந்தியாவில் அதிகம் காபி விளைகிற மாவட்டம். கொட்டை அங்கே, நெல் இங்கே. அரைக்கும் கடையில் எழுதிப் போட்டிருக்கும் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை. காபியில் அரபிகா, ரோபஸ்டா என்று முக்கியமாக ரெண்டு ஜாதி. 'பிளான்டேஷன்' என்றால் பழத்தின் சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அரபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே உலர்த்தியது. 'பீபெரி' என்பது தனி ஜாதி இல்லை: பழத்துக்குள் ரெண்டு பருப்பு விளைய வேண்டிய இடத்தில் ஒன்றே விளைந்து உருண்டையாக இருப்பது. உருண்டை என்பதால் வறுக்கும்போது சமமாக உருண்டு வறுபடும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் இஷ்டம். ரோபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்குவது சரியில்லை. கெட்டியும் கசப்பும் அதில்தான். காஃபீன் அரபிகாவைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பால் காபிக்கு அது கொஞ்சம் வேண்டும்.

சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காஃபீன் கிடையாது. கலப்பு என்று திட்டுகிறார்கள், ஆனால் நம் ஃபில்டருக்கு அது ரெண்டு உதவி செய்கிறது: காபியைவிட அதிகம் தண்ணீரில் கரைவதால் டிகாக்ஷனுக்குக் கனம் தருகிறது, உப்பிக்கொண்டு தண்ணீரை நிதானப்படுத்துகிறது. பிளான்டேஷன் 60, ரோபஸ்டா 20, சிக்கரி 20 என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலான வீட்டு நாக்குக்குப் பொருந்தும். சிக்கரி முப்பதைத் தாண்டினால் கருப்பாக, கொழகொழவென்று, வெல்லம் கருகிய வாசனையோடு வரும், பார்க்கத்தான் கள்ளிச்சொட்டு. பாக்கெட்டில் வாங்குபவர்கள் அதில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது பாக்கெட்டில் சிக்கரிக் கலவை என்று குறித்துவிட்டு 49 சதவீதம் வரை சிக்கரி போட்டு விற்க இடம் இருக்கிறது.

அரைக்கும் பதம்: கோலமாவை விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுக்குமே, அதற்கு ஒரு படி நைஸ். மைதா மாதிரி வழவழத்தால் ஃபில்டர் அடைக்கும். பம்பாய் ரவை மாதிரி இருந்தால் ஃபிரெஞ்சு பிரஸ்ஸுக்குத்தான் ஆகும். மெஷினிலிருந்து சூடாக விழும் பொடியைக் கடைக்காரர் உடனே பையில் கட்டித் தருவார். வீட்டுக்கு வந்ததும் திறந்து ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றுப் பட்டால் சிக்கரி கட்டி தட்டும். அந்த மாதங்களில் 100 கிராமாக வாங்குவது உத்தமம். தினம் திறக்கிற டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே வேர்க்கும்.

தண்ணீர்

நல்ல பொடி, நல்ல பால், பழகிய கை, ஆனால் காபி சப்பென்று இருக்கிறது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கொள்ளிடத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் எனக் கடலோரம் போகப் போக போர் தண்ணீர் உவர்க்கும். உள்ளே தள்ளியும் சில இடங்களில் தண்ணீர் கடினம். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டுவதே அடையாளம். அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பை முறித்துவிடும். புளிப்பு போனால் உயிர் போச்சு. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மந்தமாக இருக்கும். அவசரத்துக்கு ஒரு வழி: தண்ணீரை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து மறுபடி சுடவையுங்கள். கொதித்தால் போகிற கடினம் அடியில் தங்கிவிடும். உவர்ப்பு இதற்குப் போகாது.

ஆர்ஓ தண்ணீர் எதிர்ப்பக்கத் தொல்லை. தாது உப்பெல்லாம் வடிந்த தண்ணீரில் காபி மெலிந்து, வெடுக்கென்று புளிக்கும். சாரத்தை இழுக்கக் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீரில் இருக்க வேண்டும். உலக அளவில் காபிக்காரர்கள் சொல்லும் அளவு, கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் சுற்றி. 75 முதல் 250 வரை பாதகமில்லை. கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் ஆர்ஓவையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து இந்த அளவுக்குக் கொண்டு வரலாம்.

மற்றச் சாமான்கள்

துணி வடிகட்டியில் தொடங்கலாம், கடைகளில் அதுதான் வாழ்கிறது. வளையத்தில் தைத்த நீளப் பையில் பொடியைப் போட்டு, பாய்லர் வெந்நீரை விட்டு, இறங்கியதை ஒருமுறை திருப்பி ஊற்றுவார்கள். ஐந்து நிமிஷத்தில் லிட்டர் கணக்கில் டிகாக்ஷன் தயார், பாலும் தாங்கும். ரெண்டுக்கு மேல் திருப்பினால் கசப்பு ஏறும். புதுத் துணியில் கஞ்சி வாசனை இருக்கும், பத்து நிமிஷம் வெந்நீரில் கொதிக்கவிட்டுப் பிழிய வேண்டும். சோப்பு கூடவே கூடாது. காயவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தண்ணீரில் முக்கியே வைத்திருந்து தினம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

மோகா பாட் 1933ல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டு வந்தது. ஃபில்டருக்கு அடுத்தபடி நம் வீட்டுக்குச் சரிப்படுவது இதுதான். அடிப் பாத்திரத்தில் தண்ணீர், நடுவில் புனல் வைத்த கூடையில் பொடி, மேலே டிகாக்ஷன். ஆவியின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். அடியில் வெந்நீராகவே விடுங்கள், பக்கத்தில் இருக்கும் வால்வுக்குக் கீழே நிற்கும்படி. பச்சைத் தண்ணீர் விட்டால் அது சுடும் வரை பொடி வறண்டு வெந்து கருகல் வாசனை வரும். கூடையில் பொடியைத் தலை தட்டி நிரப்புங்கள், அழுத்தாதீர்கள். சின்ன பர்னர், சின்னத் தீ, மூடி திறந்தபடி. கருப்பாக வழிவது தேன் நிறமாகி புஸ்புஸ் என்று சீற ஆரம்பித்ததும் இறக்கி, அடியை ஈரத்துணியில் வையுங்கள். மூன்று கப் மோகா பாட் என்பது நம் கணக்கில் மூணு டபராவுக்குச் சரியாக வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இதில் நம்மூரில் நடக்கும் தப்பு ரெண்டு. ஒன்று, வீட்டில் இருக்கும் சிக்கரிப் பொடியையே போடுவது. அது உப்பி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி வால்வு வழியே ஆவி சீறும். சிக்கரி இல்லாத பொடி, ஃபில்டர் பதத்துக்கு ஒரு படி கொரகொரப்பாக வேண்டும். ரெண்டாவது, கறுத்துவிட்டது என்று புளி போட்டுத் தேய்ப்பது. பித்தளைக்குப் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் இது அலுமினியம், புளி அதை அரித்துவிடும். வெந்நீரில் அலசித் துடைத்தால் போதும். நம் கேஸ் அடுப்பின் தாங்கியில் சின்ன மோகா பாட் நிற்காமல் சாயும், குறுக்குக் கம்பி ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியம் வேலை செய்யாது.

ஃபிரெஞ்சு பிரஸ்: 30 கிராம் ரவைப் பதப் பொடி, 500 மில்லி வெந்நீர், நாலு நிமிஷம், மெதுவாக அழுத்து. கறுப்புக் காபி குடிப்பவர்களுக்கு நல்லது. நம் கடைப் பொடியைப் போட்டால் கசடு வரும், கம்பி இறங்காமல் முரண்டு பிடிக்கும். பலம் கொண்ட மட்டும் அழுத்திக் கண்ணாடியை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

வி-60 என்கிற கூம்பும் (60 டிகிரிக் கோணம், அதனால் அந்தப் பெயர்) காகிதமும்: 15 கிராம், 250 மில்லி, மூன்று நிமிஷம். ஏற்காடு, பழனி மலைக் காபியை லேசாக வறுத்துக் கறுப்பாகக் குடிக்க இதைவிட ஒன்று இல்லை. பால் ஒரு ஸ்பூன்கூடத் தாங்காது. சிக்கரி பட்டால் காகிதம் அடைத்துவிடும்.

ஏரோபிரஸ் 2005ல் வந்த பிளாஸ்டிக் குழல். 18 கிராம் பொடி, 80 மில்லி வெந்நீர், ஒன்றரை நிமிஷம், அழுத்து. பார்க்க சிரிஞ்சு மாதிரி இருந்தாலும் பால் தாங்கும் டிகாக்ஷன் தரும். பத்து சதவீதம் சிக்கரியைப் பொறுத்துக்கொள்ளும். வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க இதுதான் என் சிபாரிசு.

எஸ்பிரெஸ்ஸோ மெஷின் பால் தாங்குமா என்று கேட்கவே வேண்டாம். 9 பார் அழுத்தத்தில் 25, 30 விநாடியில் இறங்குவது பால் காபிக்கென்றே செய்தது போல இருக்கும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று போடுவது பம்ப்பின் உச்ச பலம், பொடி மேல் விழ வேண்டியது 9தான். தொல்லை வேறு இடத்தில்: கூடவே நல்ல கிரைண்டர் வேண்டும், அதன் விலை மெஷினுக்குச் சமமாக வரும். சிக்கரி ஆகவே ஆகாது. கடினத் தண்ணீர் ஊரில் ஒரு வருஷத்தில் உள்ளே பொருக்கு கட்டி பழுதுக்கு வரும். அதன் பால் 60, 65 டிகிரிச் சூட்டில் நிற்கும். நாக்கு சுடச் சுடக் குடித்துப் பழகியவர்களுக்கு அது ஆறின காபி.

சூட்டுத் தட்டு வைத்த எலெக்ட்ரிக் காபி மேக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: இறங்கியதும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். தட்டின் சூட்டில் அரை மணி நின்ற டிகாக்ஷன் கஷாயம்தான்.

பாலும் ஆற்றுவதும்

'டிகிரி காபி' என்ற பெயருக்குப் பல கதை. பாலில் அதன் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் விட்டு டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்பார்கள், முதல் டிகாக்ஷனுக்கு டிகிரி என்று பெயர் என்பார்கள், சிக்கரி என்பதே திரிந்தது என்பவர்களும் உண்டு. எது நிஜமோ, லாக்டோமீட்டரை முழுசாக நம்ப வேண்டாம். நல்ல பசும்பாலில் 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் கலந்தால் இறங்கும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் அதே மீட்டர் ஏறும். ஆடை எடுத்துத் தண்ணீரும் கலந்தால் ரெண்டும் ஈடுகட்டி மீட்டர் சாதுவாக 29ல் நிற்கும். பாக்கெட் பாலில் அந்தக் கவலை இல்லை: ஆவினில் நீலம் 3 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. காபிக்குப் பச்சை போதும். ஆரஞ்சில் கொழுப்பு டிகாக்ஷன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பொடியைத் தூக்கலாகப் போட வேண்டி வரும்.

பால் முதல் பொங்கலில் இறங்க வேண்டும். மறுபடி மறுபடி சுடவைத்த பாலில் ஆடை கட்டி, திரட்டுப்பால் வாசனை வந்து காபியை அமுக்கிவிடும். டம்ளரில் சர்க்கரை, அதன் மேல் டிகாக்ஷன், அதன் மேல் கொதிக்கும் பால் என்ற வரிசையில் விட்டால் பால் விழும் வேகத்திலேயே சர்க்கரை பாதி கரைந்துவிடும். பிறகு டபராவுக்கும் டம்ளருக்கும் மூன்று முறை, ஒரு முழ உயரம் போதும். நுரை கட்டுவது பாலின் புரதம். அதிக உயரம் தூக்கினால் காபிதான் ஆறும்.

பால் திரிந்தால் பெரும்பாலும் பழி பாலுக்கு விழும். நேற்றைய டிகாக்ஷன் புளித்திருந்தாலும் திரியும். மீந்த டிகாக்ஷனை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலைக்குள் தீர்த்துவிடுங்கள். நேராக அடுப்பில் வைத்துச் சுடவைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீருக்குள் இறக்கிச் சூடாக்குங்கள்.

வீட்டு விசேஷத்தில் நூறு பேருக்கு என்றால் அதே கணக்கை 25 மடங்கு ஆக்குங்கள்: 750 கிராம் பொடி, 5 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் பால். டிகாக்ஷன் சுமார் 3.3 லிட்டர் வரும். அதை விடியற்காலை நாலு மணிக்கே மொத்தமாக இறக்கி வைத்துவிட்டால் முகூர்த்தத்துக்கு வருகிறவர்களுக்குப் புளிப்புக் காபிதான். பொடியை ரெண்டாகப் பிரித்து, முதல் பாதியை நாலரைக்கும் மறு பாதியை ஆறு மணிக்கும் போடச் சொல்லுங்கள். சர்க்கரையைப் பாலோடு கலந்து வைக்க மட்டும் சமையல்காரரை விடாதீர்கள். சர்க்கரை இல்லாமல் கேட்கிறவர்கள் இப்போது பந்திக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.